ஏழு விரல் தெரிந்த மதியம்

ஜெராக்ஸ் கடையில் கணினி முன்னால் உட்கார்ந்து, வருகிறவர்களின் கையெழுத்தையெல்லாம் டைப் செய்து கொடுப்பதுதான் டைப்பிங் அக்காவின் வேலை. பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. கோழிக் கிறுக்கலைக்கூடத் தடுமாறாமல் வாசித்துவிடுவாள். ஆனால் ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் ஒருவர் பதினொரு நோட்டுகளை மேசைமேல் அடுக்கியபோது அவளுக்கே தலை சுற்றியது.

"நாவல்மா. மெதுவா அடிச்சாப் போதும்" என்றார் அவர்.

கதையில் ஒருவன் 'இது கனவு' என்று தெரிந்துகொண்டே கனவு காண்கிறான். அப்படியே பழைய நாட்களுக்குள் நுழைந்து, செய்த தப்பையெல்லாம் திருத்திவிட்டு வருகிறான். விழித்துப் பார்த்தால் வாழ்க்கையே மாறியிருக்கிறது. கனவா நனவா என்று அறிய அவன் தன் கையைப் பார்ப்பான். விரல் ஐந்துக்கு மேல் இருந்தால் கனவு.

நான்காவது நோட்டு முடிவதற்குள் அக்காவுக்கும் ஆசை வந்துவிட்டது. அவளிடமும் திருத்த ஒன்று இருந்தது. ஆறு வருடத்துக்கு முன், அம்மாவின் பிறந்தநாளில் தங்கை எழுந்து பாடினாள். மாதக்கணக்கில் பழகிய பாட்டு. உச்சத்துக்குப் போன இடத்தில் குரல் கீச்சென்று உடைய, அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். கூட்டமே சேர்ந்துகொண்டது. அன்றோடு தங்கை பாட்டையும் விட்டாள், அக்காவோடு பேச்சையும் விட்டாள். ஃபோனை எடுத்தபோதெல்லாம் அக்கா தங்கையின் எண்ணைப் பாதி அழுத்திவிட்டு வைத்துவிடுவாள்.

ஆகவே, பழகிவிட்டால் கனவிலும் எண்ணுவோம் என்று பஸ்ஸில் விரலை எண்ணினாள், அடுப்படியில் எண்ணினாள்.

"ஏதாவது விரல் தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டார் கணவர்.

மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தில் ஏழு விரல் தெரிந்தது. அம்மாவின் பிறந்தநாள் நடந்த அதே கூடம். தங்கை பாடத் தொடங்கினாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். குரல் கீச்சிட்டது. அவ்வளவுதான், கனவென்று தெரிந்தும் சிரிப்பு பீறிட்டுவிட்டது. ஆனால் இந்தத் தடவை சிரித்தபடியே போய்த் தங்கையின் கையைப் பிடித்து, "எங்க, மறுபடி பாடு" என்றாள்.

சிரித்துக்கொண்டே விழித்தவள், முகம்கூடக் கழுவாமல் ஃபோனை எடுத்தாள்.

"நான்தான்டி. இப்பதான் கனவுல உன் பாட்டைக் கேட்டேன்."

தங்கை மெல்லக் கேட்டாள்: "நல்லா இருந்துச்சா?"

"இல்லடி. கனவுலயும் அதே இடத்துல கீச்சுன்னுடுச்சு. நானும் சிரிச்சுட்டேன். சிரிப்பு வந்தது என் கையில இல்ல. ஆனா அன்னைக்கே எழுந்து வந்து உன் கையைப் பிடிச்சிருக்கணும். மன்னிச்சுடுடி."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு தங்கை கேட்டாள்: "இதைச் சொல்ல ஆறு வருஷமா உனக்குத் தூக்கமே வரலையா?"

மறுநாள் டிரைவரிடம் அக்கா துணிந்து சொன்னாள். "ஐயா, உங்க ஆளு ஒவ்வொரு தடவையும் சரியாவே செய்யறான். நம்பற மாதிரி இல்ல. ஒரு தடவையாவது சொதப்பட்டும். அப்புறம் முழிச்சுக்கிட்டு நேர்ல போய்ப் பேசட்டும்."

அவர் தலையைச் சொறிந்தார். இரண்டு வாரத்தில் பன்னிரண்டாவது நோட்டோடு வந்து நின்றார்.

புத்தகம் வெளிவந்ததும் முதல் பிரதியை வாங்கியவள் தங்கைதான். மறுநாள் காலையிலேயே ஃபோன் அடித்தாள்.

"அக்கா, எண்பத்திமூணாம் பக்கத்துல ரெண்டு எழுத்துப்பிழை!"

அரைமணி நேரம் சண்டை நடந்தது. சண்டைக்கு நடுவிலேயே, வருகிற ஞாயிறு யார் வீட்டில் சாப்பாடு என்பதும் முடிவானது.