இனசனம் என்று எழுதினால்

வல்லிபுரத்தாரின் மொறிஸ் மைனர் மண்கும்பான் வளைவில் அம்பலவாணரின் காரை இடித்து, முன்விளக்கை உடைத்துவிட்டது. பிழை வல்லிபுரத்தாருடையதுதான். அவருடைய காருக்கு இன்சூரன்ஸ் இருந்தது. ஆனால் வாடகைக்கு ஆளேற்றியது தெரிந்தால் ஒரு சதமும் கிடைக்காது. அன்றைக்கு அவர் வாடகைக்கு ஏற்றி வந்தது மீன் விற்கும் ஆச்சிமுத்துவை.

"உம்மட்டைக் காசு எங்க கிடக்கு? பொலிசில எழுதுவம்," என்றார் அம்பலவாணர். "ஆரை ஏத்தினனீர் எண்டு கேட்டால், இனசனம் எண்டு சொல்லும். இன்சூரன்ஸ்காரன் தருவான்."

"இவளையோ? ஊர் சிரிக்கும் அண்ணை."

வீங்கிய நெற்றியைச் சேலைத் தலைப்பால் அழுத்தியபடி ஆச்சிமுத்து பின்னாலிருந்து சொன்னாள். "சொல்லுங்கோவன் ஐயா. நான் உங்கட குசினிக்க வந்து குந்தமாட்டன்."

அம்பலவாணர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு நாளைக்கு ஊரெல்லாம் கேட்கும் என்று வல்லிபுரத்தாருக்குப் பட்டது.

"பொலிஸ் வேண்டாம். காசாத் தாறன்," என்றார்.

பேத்தி பிறந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்குப் போடவென்று வாங்கி வைத்திருந்த சங்கிலியை ஊர்காவற்றுறையில் விற்றுக் கொடுத்தார். முப்பத்தொன்றுக்கு வந்த சம்பந்தி வீட்டார் பிள்ளையின் வெறுங்கழுத்தைப் பார்த்தார்கள். இலையில் கைவைக்காமலே எழும்பிப் போனார்கள்.

"கார் இடிபட்டுப் போச்சு பிள்ளை," என்றார் வல்லிபுரத்தார் மகள் கமலாதேவியிடம்.

"அப்ப இன்சூரன்ஸ் என்னத்துக்கு அப்பு?" என்று கேட்டு அவள் அழுதாள்.

அவர் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வளவுக்குள் இறங்கிப் போனார்.