லெனோர் ஆஷ்பியின் சுருக்கங்கள்

வெர்னா ஸ்வென்சன் சினிமா பார்க்க மாட்டாள். ஹாலிவுட்டில் சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படி ஒருத்தி. மினசோட்டாவில் மாடு கறந்துகொண்டிருந்தவள், எங்கள் ஸ்டுடியோவின் புகைப்படப் பிரிவுக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று நான் பல தடவை கேட்டேன். "ரயில்ல" என்பாள். நான் அடுத்த அறையில் நெகட்டிவிலிருந்து படப் பிரதி போடுகிறவள். எனக்கு வாய் நீளம், அவளுக்கு வாயே கிடையாது. அதனால் ஒத்துப்போயிற்று.

நட்சத்திரங்களின் வயதைக் குறைப்பது அவள் வேலை. நெகட்டிவில் சுருக்கங்கள் வெளுத்த கோடுகளாகத் தெரியும். கூராகச் சீவிய பென்சிலால் அவற்றை நிரப்பிவிட்டால் பிரதியில் சுருக்கம் இருந்த இடமே தெரியாது. லெனோர் ஆஷ்பியின் படங்கள் மொத்தமும் வெர்னாவின் கைக்குத்தான் போகும். ஆஷ்பிக்கு நாற்பது தாண்டிவிட்டது. படத்தில் மட்டும் இருபத்தாறிலேயே நின்றுவிட்டாள். ரசிகர்கள் கேட்டு எழுதினால் அந்த இருபத்தாறைத்தான் அனுப்பிவைப்போம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் அதுவே அவளுக்கு வினையாக வந்தது. ஒப்பந்தம் கோடையோடு முடிகிறது. காதலி வேஷங்களெல்லாம் சின்னப் பெண்களுக்குப் போய்விட்டன. இன்னொரு ஸ்டுடியோவில் ஒரு நல்ல அம்மா வேஷம் இருந்தது. அதை விட்டால் அவளுக்கு வேறு கதி இல்லை. தானே போய் வாசலில் நிற்பது நட்சத்திரங்களுக்குக் கௌரவக் குறைவு, முதலில் புகைப்படம்தான் போகும். போயிற்று. இயக்குநர் பார்த்துவிட்டு, "இவங்களுக்கே ஒரு அம்மாவைத் தேடணும் போலிருக்கே" என்றாராம். மதியச் சாப்பாட்டுக்குள் எங்கள் ஸ்டுடியோ முழுக்க அதைச் சொல்லிச் சிரித்து முடித்துவிட்டது.

மறுநாள் ஆஷ்பி எங்கள் பிரிவுக்கே வந்தாள். படம் கழுவும் மருந்தின் நாற்றத்துக்கு நட்சத்திரங்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

"வெர்னா, புதுசா படம் எடுக்கச் சொல்லியிருக்கேன். நீ அதுல கையே வைக்கக் கூடாது."

"சரி மேடம்."

"ஒரு கோடு கூட எடுக்கக் கூடாது. புரியுதா?"

"வேலை மிச்சம், மேடம்."

படம் எடுத்தார்கள். எங்கள் வழக்கப்படி பிரதியை முதலில் நட்சத்திரம்தான் பார்ப்பார். பிடிக்காததைச் சிவப்புப் பென்சிலால் குறுக்கே அடிப்பார். அடித்த படத்தின் நெகட்டிவில் மூலையை வெட்டிவிடுவோம். அதற்குப் பிறகு அதை யாராவது வெளியே விட்டால் அன்றோடு வேலை போய்விடும்.

ஆஷ்பி வெர்னாவின் மேசையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். கடைசிப் படத்தில் பென்சில் நின்றது.

"யாரு இது?"

"நீங்கதான், மேடம்."

"இந்த மூஞ்சியை எத்தனை நாளா பாத்துட்டிருக்கே நீ?"

"ஆரம்பத்திலேர்ந்து. அப்போ ரெண்டு கோடுதான் இருந்துச்சு."

"ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீங்க கேக்கலையே, மேடம்."

பிரதிகளைக் கொண்டுவந்திருந்த நான், அடித்தவற்றை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டேன். ஆஷ்பி பென்சிலைக் கீழே வைத்தாள். "என் மனசு மாறுறதுக்குள்ள இதை அனுப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெரிய பிரதியை உறையில் போட்டு முடிப்பதற்குள் ஆஷ்பிக்கு மனசு மாறிவிட்டது. டெலிபோனை எடுத்து வெர்னாவிடம் கொடுத்தது நான்தான். குரல் எனக்கே கேட்டது.

"வெர்னா, அதையும் வேண்டாம்னு வெச்சிடு. மூலையை வெட்டிடு."

வெர்னா மடியில் இருந்த உறையைப் பார்த்தாள்.

"போயிடுச்சு, மேடம்."

"யாராவது ஓடிப்போய் வாங்கிட்டு வர முடியாதா?"

"வண்டி கேட்டைத் தாண்டிடுச்சு."

போனை வைத்துவிட்டு உறையை ஒட்டினாள். நான் போய்க் கதவைச் சாத்தினேன்.

"பைத்தியமாடி உனக்கு? தெரிஞ்சா இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"அந்த மூஞ்சி எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். பிறகு தானே கொண்டுபோய் வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

அம்மா வேஷம் ஆஷ்பிக்குக் கிடைத்தது. அதை நன்றாகவே செய்தாள், அதைக் கேள்விப்பட்டு எங்கள் ஸ்டுடியோவும் ஒப்பந்தத்தைப் புதுப்பித்து வரிசையாக அம்மா வேஷங்கள் கொடுத்தது. வெர்னாவின் பொய் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆனால் ஆஷ்பியின் அடுத்த நெகட்டிவ்கள் அதே வேலை செய்யும் ரூபியின் மேசைக்குப் போயின, ரசிகர்களுக்கு அனுப்பப் பழையபடி வழவழவென்று வேண்டுமாம். வெர்னா எங்கள் மேலாளரிடம் போய்க் கேட்டாள்.

"அவங்களேதான் வேற ஆள் வேணும்னு சொன்னாங்க. உன் மேல ஒரு குறையும் சொல்லலை" என்றார்.

வெர்னா சரி என்று தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

குளிர் ஆரம்பித்த பிறகு ஒரு மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் ஆஷ்பி மேசை மேசையாக நின்று சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாள். எங்கள் மேசைக்கு வந்து வெர்னாவைப் பார்த்ததும் அவள் கை மேலே போய், அதுவரை திறந்து கிடந்த கோட்டின் காலரைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

"நல்லா இருக்கியா, வெர்னா?"

"இருக்கேன், மேடம்."

கூடத்தை விட்டு வெளியே போகிறவரை அந்தக் கை இறங்கவில்லை.

"எங்கிட்ட எதுக்கு மறைக்கணும்? கழுத்து இன்னும் நல்லாத்தான் இருக்கு" என்றாள் வெர்னா. சூப்பைத் தள்ளி வைத்துவிட்டு, அத்தனை பேருக்கு நடுவில் அழுதாள்.