அனந்தவல்லி வாங்கிக்கொண்ட கிழங்கு

திண்டிவனத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகராக இருக்கும் அனந்தவல்லிக்கு நாற்பத்தாறு வயது. செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். ஊரில் நயினார் வீடு என்பார்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டாள், கிழங்கு எதையும் தொட மாட்டாள். கல்யாணம் கூடிவரவில்லை. வாடகை அறையில் ஐந்தரை மணிக்கே தனியாகச் சாப்பிட்டு முடிப்பாள். அக்கம்பக்கத்தில் குக்கர் விசில் கேட்கத் தொடங்கும்போது இவள் தட்டு கழுவிக் கவிழ்த்தாயிருக்கும். நாளெல்லாம் ஊரார் துக்கத்தைக் கேட்கிறவளை, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க ஒரு நாதி கிடையாது.

வெள்ளையம்மாளை அவளிடம் அனுப்பியவர் டாக்டர். மேல்மலையனூர்ப் பக்கம் சொந்த நிலத்தில் பாடுபடுகிற அறுபது வயதுக்காரி. புருஷன் வேங்கடேசன் இறந்த ஐந்து மாதத்தில் பதினொரு கிலோ இளைத்திருந்தாள். எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்தாயிற்று, நோய் ஒன்றும் இல்லை. இன்னும் இளைத்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார்.

"நல்லா சாப்பிடறீங்களாம்மா?"

"துன்றேன் மேடம்."

"தூக்கம் வருதா?"

"வருது மேடம்."

நாலு வாரமும் இதே பாட்டு. கல்லில் நார் உரித்துவிடலாம், இவளிடம் ஒரு வார்த்தை உரிக்க முடியாது. "எதையும் மறைக்காம சொல்லுங்கம்மா" என்று அனந்தவல்லியும் படித்த பாடத்தை விடாமல் ஒப்பித்தாள்.

ஐந்தாம் வாரம் வெள்ளையம்மாள் ஒரு தூக்குவாளியை மேசைமேல் வைத்தாள். உள்ளே அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு.

"எங்க கொல்லியில வெளைஞ்சது மேடம். துன்னுப் பாருங்க."

அனந்தவல்லி சிரித்த முகமாக வாங்கிக்கொண்டாள். "அப்புறமா சாப்பிடறேம்மா" என்றாள். மறுத்தால் மனசு நோகுமே என்ற நல்லெண்ணம்தான். இந்த நல்லெண்ணம் கெடுக்கிற காரியத்தைக் கெட்ட எண்ணம்கூடக் கெடுக்காது. வெள்ளையம்மாள் வெளியே போனதும், அனந்தவல்லி கிழங்கை எடுத்து, ஆஸ்பத்திரியில் பெருக்குகிற செண்பகத்திடம் கொடுத்துவிட்டாள். வாளியை விட்டுவிட்டோமே என்று திரும்பி வந்த வெள்ளையம்மாள் வாசலிலேயே நின்று அதைப் பார்த்தாள். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. இன்னும் எத்தனை கிலோ குறைந்திருக்கிறாளோ என்று அனந்தவல்லிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தன்னால் ஒரு உயிர் போய்விடக் கூடாதே என்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினாள். அன்றைக்கு அமாவாசை. மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் செஞ்சியில் இரண்டு பஸ்ஸை விட்டு, வீட்டைக் கண்டுபிடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

வெள்ளையம்மாள் வா என்று சொல்லவில்லை. "எங்க கையால குடுத்தா உங்க சாதிக்கு ஆவாதுன்னா, அத மூஞ்சிக்கு நேரா சொல்றதுதான?" என்றாள்.

"ஐயோ, அதெல்லாம் இல்லம்மா. நான் நயினார் வீட்டுப் பொண்ணு. நாங்க கிழங்கு சாப்பிட மாட்டோம். சொன்னா வருத்தப்படுவீங்கன்னு மறைச்சிட்டேன். என் தப்புதான்."

"நயினாரு வூடா?" வெள்ளையம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா கீது ஞாயம். என்னை மட்டும் மறைக்காத மறைக்காதன்னு உசுர வாங்கிட்டு, நீ மறைச்சிக்கினு இருந்துக்கீறயே!"

அனந்தவல்லிக்கு வெட்கமாக இருந்தது.

"சரி, சாப்ட்டியா?"

"பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டேம்மா."

"வூட்ல யாரு கீறாங்க?"

"யாரும் இல்ல. நான் மட்டுந்தான்."

வெள்ளையம்மாள் வாசலைவிட்டு விலகி அவளை உள்ளே விட்டாள். பிறகு தானாகவே சொன்னாள்.

"அவரு போனதுலேர்ந்து இங்க அடுப்பே எரியல. ஒத்த ஆளுக்கு இன்னாத்த ஆக்கறது? டீயும் பன்னுமா ஓடிக்கினு இருக்குது. அந்தக் கிழங்கு அவிக்கத்தான் ஒரு நாளு பத்தவெச்சேன். உனக்குன்னு."

அனந்தவல்லி அழுதுவிட்டாள். கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"இப்பப் பத்தவைங்கம்மா."

"நீதான் துன்ன மாட்டியே."

"நீங்க சாப்பிடுங்க. நான் கூட உக்காந்திருக்கேன்."

கடைசி பஸ் போனால் போகட்டும் என்று சுவரோரமாக உட்கார்ந்தாள். வெள்ளையம்மாள் அடுப்பை மூட்டி, அரிசிப் பானையைத் திறந்தாள். கைப்பழக்கத்தில் இரண்டு ஆழாக்கு எடுத்துவிட்டு, ஒன்றைத் திரும்பப் பானையிலேயே கொட்டினாள்.