கீழே நிற்கிற ஆள்

ஸ்கைலிஃப்ட் ஓட்டுகிறேன் என்று சொன்னால் அந்தக் காலத்தில் பாதிப் பேருக்குப் புரியாது. கிரேனா என்பார்கள். கிரேன் சாமானைத் தூக்கும், இது ஆளைத் தூக்கும் என்பேன். வண்டியிலிருந்து நீளுகிற இரும்புக் கை, அதன் நுனியில் கம்பி அடைத்த கூடை, கூடைக்குள் நான். பெல்ட்டின் கொக்கியைக் கூடையில் மாட்டிக்கொண்டு, பெடலை மிதித்தபடி கையால் விசையை நகர்த்தினால் மேலே போகும், கீழே வரும். இவ்வளவுதான் வித்தை.

தொண்ணூறுகளின் தொடக்கம். கிள்ளானில் துறைமுகத்துக்குப் போகிற சாலையோரம் வரிசையாகக் கிடங்குகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். உச்சியில் பெயின்ட் அடிப்பது எங்கள் வேலை. கம்பெனியில் ஒரு சட்டம் இருந்தது. கூடையில் ஒருவன் ஏறினால் கீழே ஒருவன் நிற்க வேண்டும். மேலே உள்ள விசை வேலை செய்யாமல் போனால், வண்டியடியில் இருக்கிற இன்னொரு விசையைத் தட்டித்தான் கூடையை இறக்க முடியும். அதற்குத்தான் அந்த ஆள்.

எனக்குக் கீழே நின்றவன் அம்பாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவான். ஏறக்குறைய என் வயதுதான், ஆனாலும் அண்ணே என்பான். சரியான வாயாடி. நானும் லேசுப்பட்டவன் இல்லை. அவன் கீழேயிருந்து கத்துவான், நான் மேலேயிருந்து கத்துவேன். பெண்டாட்டியோடு போட்ட சண்டை, மச்சானுக்குப் பார்த்த பெண், டிவியில் பார்த்த படம், எல்லாம் ஊருக்கே கேட்கும்.

நான் ஒண்டிக்கட்டை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஓர் அறை. கட்டில், விசிறி, நான். ஞாயிற்றுக்கிழமை யாரோடும் பேசாமலே பொழுது போய்விடும். திங்கள் காலையில் அவன் மோட்டார் சத்தம் கேட்டால்தான் எனக்கு உயிர் வரும். அவன் இல்லாவிட்டால் நாள் முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேச நாதி கிடையாது. இதை அவனிடம் சொன்னதில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

ஒரு நாள் மத்தியானம் கிடங்கின் வெளிச்சுவர் உச்சியில் இருந்தேன். கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இடி இடித்தால் கூடையில் நிற்கக் கூடாது. இறங்கிவிடலாம் என்று பெடலை மிதித்தேன். அசையவில்லை. மறுபடி மிதித்தேன். சனியன், செத்துக் கிடந்தது. இன்ஜின் மட்டும் கீழே உறுமிக்கொண்டிருந்தது. கீழேயிருந்து இறக்குடா என்று கத்தினேன்.

"வரேண்ணே!" என்று அடியிலிருந்து அவன் குரல் வந்தது.

சரி, வருகிறான் என்று நிம்மதியாக நின்றேன். நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். எட்டிப் பார்த்தால் வண்டியடியில் ஒருவரும் இல்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவன் சாலைக்கு அந்தப் பக்கம் சோற்றுக்கடையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கத்தியது அவன் காதில் விழவே இல்லை. மழைக்கு முன்னால் சோறு வாங்கிவிடலாம் என்று கிளம்பியவன் என்னிடம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறான். நம் ஆட்களில் எவன் கிளம்பும்போது 'போறேன்' என்பான்? அதுவும் அவ்வளவு உயரத்தில் நிற்கிறவனைப் பார்த்து?

காற்று வந்தது. கூடை ஊஞ்சல் மாதிரி ஆடியது. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்திப் பார்த்தேன். மற்றவர்கள் எல்லாம் கொட்டகைக்குள் ஓடிவிட்டார்கள். தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. முதல் இடி விழுந்தபோது கூடைக்குள் குந்தி உட்கார்ந்துவிட்டேன். நான் செத்தால் யாருக்குச் சொல்லி அனுப்புவார்கள் என்று யோசித்தேன். அறைக்கார அம்மாவைத் தவிர ஒரு முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை. இடியைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சூப்பர்வைசர், ஒரு சீனர், தற்செயலாக அந்தப் பக்கம் காரில் வந்தார். மேலே ஆளும் கீழே வெறுமையும் இருப்பதைப் பார்த்துவிட்டு மழையில் ஓடி வந்து, அடியிலிருந்த விசையைத் தட்டி என்னை இறக்கினார். நான் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது நம்மாள் தெப்பமாக நனைந்து வந்து சேர்ந்தான். சட்டைக்குள் இரண்டு சோற்றுப் பொட்டலம், ஒன்று எனக்கு.

"சொல்லிட்டுத்தானேண்ணே போனேன்?" என்றான்.

ஆபீஸாக வைத்திருந்த கன்டெய்னர் பெட்டிக்குள் இருவரையும் நிற்கவைத்து சூப்பர்வைசர் மலாயில் விசாரித்தார். அவனை வேலையை விட்டு அனுப்பிவிடுவாரோ என்று எனக்குத் திக்திக்கென்று இருந்தது. குற்றம் அவனுடையது இல்லை, சொல்லுடையது என்று விளக்கினேன். எங்கள் மொழியில் 'வரேன்' என்றால் போகிறேன் என்று அர்த்தம் என்றேன். அப்படியானால் வருகிறேன் என்பதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். அதற்கும் 'வரேன்'தான் என்றேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நாளையிலிருந்து ஒரே மொழிக்காரர்கள் இருவர் ஒரு வண்டியில் இருக்கக் கூடாது, இவன் செமினி ஊரில் நடக்கிற வேலைக்குப் போகட்டும், உனக்கு வேறு ஆள், பேச்சு கிடையாது, கை ஜாடை மட்டும் என்றார்.

நான் யாரிடமும் கெஞ்சுகிறவன் இல்லை. அன்றைக்குக் கெஞ்சினேன்.

"பாஸ், இனிமே அவனும் வாயத் திறக்க மாட்டான், நானும் திறக்க மாட்டேன் லா. இவனையே கீழ நிக்க விடுங்க."

"அவன் வாயையே திறக்கப்போறதில்லன்னா, அங்க யார் நின்னா உனக்கு என்ன?" என்று கேட்டார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

வேலை போகாமல் தப்பித்ததே பெரிது என்று நம்மாள் மோட்டாரை உதைத்துக் கிளப்பினான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னான். நான் போகவில்லை. கூடையும் இன்ஜினும் இல்லாமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அவனோடு எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

புதிதாக வந்தவர் பங்களாதேஷ்காரர். தங்கமான மனிதர். வெயிலோ மழையோ வண்டியை விட்டு நகர மாட்டார். நான் கட்டைவிரலை மேலே காட்டினால் ஏறுகிறேன், கீழே காட்டினால் இறக்கு, முஷ்டி பிடித்தால் நிறுத்து. அண்ணாந்து என்னையே பார்த்தபடி நிற்பார். அவர் கீழே நின்ற காலம் முழுதும் எனக்கு ஒரு கீறல்கூடப் படவில்லை. குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம், பிரிக்பீல்ட்ஸில் புதிதாகத் திறந்திருந்த ஓர் இலைச்சோற்றுக் கடைக்குப் போனேன். பரிமாறியவர் சோற்றை அள்ளி அள்ளி வைத்தார். நான் நினைத்துச் செய்யவில்லை, கை தானாக எழுந்து முஷ்டி பிடித்தது. அவர் சட்டென்று நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு கல்லாவுக்குப் போய் அங்கிருந்தவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்கும் கேட்டது.

"பாவம், அந்த அண்ணனுக்கு வாய் பேச வராது போல. நல்லா கவனிங்க."

இல்லையப்பா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் திரும்பி வந்து, கேட்காமலே இன்னோர் அப்பளத்தை என் இலையில் வைத்து, குனிந்து என் கண்ணைப் பார்த்துச் சிரித்தார். அப்படி என்னைப் பார்த்து ஒருவர் சிரித்து வெகுநாளாகியிருந்தது. அந்தக் கடையில் பல வருடம் சாப்பிட்டேன். ஒரு நாளும் அங்கே பேசியதில்லை.