மூக்குத்தி மாறிய படம்

நான் செய்த குறும்படங்களில் ஒன்றைக்கூட என் அம்மா முடிவுவரை பார்த்ததில்லை. எல்லாம் நானே கையால் வரைந்து, ஒவ்வொரு தாளாக ஃபோனில் பிடித்து, அசைய வைத்தவை. கடல், ராஜா, பறக்கிற மீன் என்று உயிரைக் கொடுத்திருக்கிறேன். பாதியிலேயே, "நல்லாத்தான் இருக்கு புள்ள, அடுப்புல சோறு குழையுது" என்று எழுந்து போய்விடுவாள். வேறு யார் பாராட்டினாலும் எனக்கு மனதில் ஏறாது. அம்மா ஒரு தடவையாவது கடைசிவரை உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் றப்பர் தோட்டத்து லய வீடுகளிலேயே வளர்ந்து இப்போது கொழும்பில் இருக்கும் என் சிநேகிதிக்கும் இதே வேலைதான். வரையப் பழகியதும் இருவரும் ஒன்றாகத்தான். அவளுடைய புதுப் படம் கொழும்பில் ஏதோ விழாவுக்குத் தேர்வானது, என்னுடையது திரும்பி வந்தது. "சந்தோசம்டி" என்று அனுப்பிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

அதோடு விட்டாளா? ஞாயிறு பூசை முடிந்ததும் தோட்டத்து சர்ச் மண்டபத்தில் படத்தைப் போடுவதற்காக யட்டியாந்தோட்டை பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். நான் அம்மாவோடு முன்வரிசையில் உட்கார்ந்தேன். பிழை பிடிக்கத்தான் போனேன், வேறெதற்கு?

படத்தில் ஒரு அம்மா வாளியோடு றப்பர் மலைக்குப் பால் வெட்டப் போகிறாள், வேலை முடிந்து திரும்பி வருகிறாள். அவ்வளவுதான் கதை! ஆனால் திரும்பி வரும்போது பிழை சிக்கிவிட்டது. போகும் நடையை வரைந்துவிட்டால், வரும் நடைக்கு அதையே இடம் வலமாகப் புரட்டிப் போட்டு வேலையை மிச்சப்படுத்துவோம், நானும் செய்வதுதான். புரட்டியதில் வலது மூக்கிலிருந்த மூக்குத்தி இடது மூக்குக்குப் போயிருந்தது.

"அனே! போறப்ப அந்தப் பக்கம், வாறப்ப இந்தப் பக்கமா?" என்று பின்னால் ஓர் அக்கா கத்தினார். மண்டபமே சிரித்தது. எனக்குப் பாயாசம் குடித்த மாதிரி இருந்தது. அம்மாவும் சிரிக்கிறாளா என்று திரும்பினேன்.

அம்மா சிரிக்கவில்லை. தன் மூக்குத்தியைத் தொட்டபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாளியை இடுப்பில் இடுக்கி, யாரோடோ சண்டை பிடிப்பதுபோல் தனக்குள் பேசி, தலையை ஆட்டி ஆட்டி நடக்கும் அந்த நடை என் அம்மாவுடையது. படுபாவி, என் வீட்டுக்குள்ளிருந்தே எடுத்திருக்கிறாள்!

"அது நான்தானே?" என்றாள் அம்மா. கண் கலங்கியிருந்தது. படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் எழும்பவில்லை. சிநேகிதி ஓடிவந்து, "கோவமா பெரியம்மா? மூக்குத்திய மாத்திப் போட்டுட்டேன்" என்றாள். "மூக்குத்தி கெடக்குது, போ புள்ள" என்று அவள் கன்னத்தைத் தடவினாள் அம்மா. அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அம்மா வாளியோடு பால் வெட்டக் கிளம்ப, நான் ஃபோனைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"எப்பவும் போல நடங்கம்மா. பாத்து வரையணும்."

அம்மா வெட்கப்பட்டாள். வாளியை இடுப்பில் சரியாக வைத்து, வாயை அசைத்து, தலையை ஆட்டி ஆட்டி நடந்து காட்டினாள். அசல் சிநேகிதி வரைந்தது போலவே.

"அவ படத்து நட வேணாம்மா. உங்க நட நடங்க."

"இதுதான் புள்ள என் நட," என்றாள் அம்மா. "அந்தப் புள்ள காட்டித்தானே எனக்கே தெரிஞ்சிச்சு."