ஆற்றுக்குள் ஆயிரம் லிங்கம்

கம்போடியாவில் இரண்டாம் நாள். காட்டு மலையேறி ஆற்றைக் கண்டதும் காலைப் பின்னுக்கு இழுத்துச் சப்பாத்தைக் கழற்றுகிறேன். ஆற்றின் அடிப்பாறை முழுக்கச் சிவலிங்கங்கள்! பாதித் தேங்காய் அளவில், வரிசை வரிசையாக, ஆயிரம் வருடத்துக்கு முன் செதுக்கியவை. ஐயரும் இல்லை, குடமும் இல்லை. ஆறே ஓயாமல் அபிஷேகம் செய்கிறது.

சற்றுக் கீழே இறங்கினால் அதே தண்ணீர் அருவியாக விழுகிறது. எங்களை ஏற்றிவந்த ஓட்டோக்காரர் சோக் அதில் சவர்க்காரம் போட்டுக் குளிக்கிறார்.

"ஐயோ, இது தீர்த்தமெல்லே!" என்று மனைவி பதறுகிறாள்.

நான் கனடாவில், மொன்றியலில், வாடகைக் கிடங்கில் நடத்தும் எங்கள் கோயிலில் செய்வதுபோல உள்ளங்கையைக் குழித்து, மூன்று துளி ஏந்திக் குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவுகிறேன்.

சோக்குக்குச் சிரிப்பு. பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் கேட்கிறார்: "உங்கட ஊரில தண்ணி இல்லையோ?"

"எங்கட மொன்றியலே பெரிய ஆத்துக்கு நடுவிலதான் இருக்கு."

"பேந்தென்ன? இது வயலுக்குப் போற தண்ணி. மாடும் குடிக்கும். வாங்கோ!"

கையைப் பிடித்து அருவிக்குள் இழுத்துவிடுகிறார். பொக்கெற்றில் கடவுச்சீட்டும் பிலிம் சுருளும் நனைகின்றன. மூச்சு முட்டுகிறது. கண்ணைத் திறந்தால், பக்கத்தில் மனைவி, உடுத்த உடுப்போடு, கைகளைத் தலைக்கு மேல் கூப்பியபடி நிற்கிறாள்.