வலியோடு ஓடியவள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குவது அவள் வேலை. கூட இருப்பவர்கள் அவளை 'இஸ்திரி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கை பட்ட துணியில் சுருக்கத்தைத் தேடினாலும் கிடைக்காது.

அவள் கணவர் லாரி ஓட்டியவர். ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. மாரடைப்பு என்றார்கள். உட்கார்ந்தே கிடக்கிற வேலை, உடம்புக்கு அசைவு ஏது என்று துக்கம் கேட்க வந்த யாரோ சொன்னது அவள் மனதில் முள்ளாகத் தைத்தது. பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாள். தனக்கும் ஏதாவது ஆகிவிட்டால்?

துக்கத்துக்கு வந்தவர்கள் கிளம்பியதும் தினமும் காலையில் விளையாட்டுத் திடலில் ஓட ஆரம்பித்தாள். அதுவரை பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவள். கணவரின் பழைய ஷூவின் முனையில் துணியைத் திணித்து மாட்டிக்கொண்டாள். போனதும் ஓட்டம், மூச்சு முட்டி நின்றால் நேரே வேலைக்கு. முதலில் கொஞ்சம் நடப்பது, கைகாலை நீட்டி மடக்குவது, ஒருநாள் சும்மா இருப்பது எதுவும் கிடையாது.

சீக்கிரமே முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி தொடங்கியது. ஓடும்போது மட்டும் இருந்த வலி படியேறும்போதும் வந்தது. பிறகு படுத்தாலும் விடவில்லை. தைலம் தேய்த்து, இறுக்கித் துணி கட்டி ஓடினாள். வலிக்கிறவரைக்கும் வேறு நினைப்பு வரவில்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் ஈரத்துணி வண்டியைத் தள்ளும்போது கால் மடங்கி விழுந்தாள். எலும்பில் விரிசல். ஓட்டம் தப்பில்லை, வலியை அடக்கிக்கொண்டு ஓடியதும் காலுக்குச் சேராத ஷூவும்தான் தப்பு என்றார் எலும்பு மருத்துவர்.

கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்தவளைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் வந்து தங்கினாள். கட்டிலடியில் கிடந்த ஷூவை எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணன் ஷூவப் போட்டுக்கிட்டு ஓடினா அண்ணன் திரும்பி வந்துடுவாரா அண்ணி?"

அவள் ஷூவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "ஓடலைன்னா அழுதுடுவேன்னு பயமா இருந்துச்சு" என்றாள்.

"அழுங்களேன். யாரு வேணாம்னா?"

அன்றைக்குத்தான் அழுதாள். மகளும் வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

எலும்பு சேர்ந்து, மருத்துவர் சரி என்ற பிறகுதான் மறுபடி திடலுக்குப் போனாள். தன் அளவுக்கு ஷூ வாங்கியிருந்தாள். இப்போது நாத்தனாரும் கூட வருகிறாள். இருவரும் முதலில் நடப்பார்கள், உடம்பு சூடானதும் மெல்ல ஓடுவார்கள். காலில் சுருக்கென்றால் அவள் அங்கேயே நின்றுவிடுவாள். அப்படி நிற்கிற நாட்களில் திடலோரத்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து அவள் கணவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். சில நாள் பேச்சு நீண்டு, வேலைக்கு நேரமாகிவிடும்.